செங்கொடி போர்த்திய அப்பாவை எங்கே கொண்டுபோவது?

அப்பாவின் மூச்சு அடங்கியபோது இரவு ஒன்பதே முக்கால். பத்தரை மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கு விதமான பேச்சு எழுந்துவிட்டது. ஆத்துப்பாலம் மின்மயானத்துக்குச் சொல்லிவிடலாம் என்றான் அண்ணன். "எதுக்குங்க அங்கெல்லாம்? நம்ம காட்டுலயே ஓரமா வெச்சு ஒரு கல்லு நட்டுரலாம்" என்றார் ஊரிலிருந்து வந்த பெரியப்பா மகன். ஒன்றையும் விடாமல் முறைப்படி செய்ய வேண்டும் என்று அழுதுகொண்டே சொன்னார் அத்தை. சங்கத்துத் தோழர்கள் இருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த உடல்தானப் படிவத்தின் நகல் அது. அம்மா மட்டும் எதுவும் பேசாமல் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

விடிவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பொதுவுடைமைக்காரராக இருந்த ஒருவரை எப்படி வழியனுப்புவது என்று அந்த ஏழெட்டு மணி நேரத்தில் நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். எங்களுக்குத் தெரிந்த தோழர்களின் வீடுகளில் பெரியவர்கள் பலர் எண்பதைத் தாண்டி இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இது உதவட்டும்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1959-ல், பதினெட்டு வயதில், கோவையில் ஒரு பஞ்சாலைக்குள் பதிலித் தொழிலாளியாக, அதாவது வராதவர்களுக்குப் பதில் வேலை செய்பவராக, நுழைந்தார். சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நால்வர், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஒவ்வொரு ஜனவரி 8-ம் தேதியும் அப்பா சின்னியம்பாளையத்தில் இருப்பார். கடைசி இரண்டு வருடமும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். 1964-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிரிந்தபோது அவர் ஒரு பக்கம் போனார், அவருடைய உயிர்த்தோழர் இன்னொரு பக்கம் போனார். இருவரும் சாயங்காலம் ஒரே கடையில் டீ குடிப்பது மட்டும் நிற்கவே இல்லை.

மில்லில் யாராவது இறந்துபோனால் அப்பா மாலை வாங்கிக்கொண்டு போகமாட்டார். ஒரு காக்கித் துணிப்பையை எடுத்துக்கொண்டு போவார். அதில் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுப் படிவங்கள், வருங்கால வைப்புநிதிப் படிவங்கள், கார்பன் தாள், குண்டூசி, மைப்பெட்டி எல்லாம் இருக்கும். எழவு வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது இவர் ஒரு மூலையில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "அப்பாவோட இன்சூரன்ஸ் நம்பர் எங்க கண்ணு?" என்று கேட்பார். ஈ.எஸ்.ஐ.யில் ஈமச்சடங்குச் செலவுக்கென்று ஒரு தொகை உண்டு. இன்று அது 15,000 ரூபாய் வரை. அந்தக் காலத்தில் மிகச் சொற்பம். இருந்தாலும் அந்தப் பணம் ஒரு குடும்பத்தை வட்டிக்காரரிடம் போகவிடாமல் தடுத்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சிறு வயதில் எனக்கு அந்தப் பை பிடிக்காது. அதை எடுத்து மாட்டினார் என்றால் எங்கோ ஒரு சாவு என்று அர்த்தம்.

இப்போது அந்த நான்கு வழிகளுக்கு வருகிறேன்.

அத்தை சொன்ன வழி

முதலில் இதைச் சொல்லக் காரணம், இதுதான் மிகச் சுலபமானது. யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. நீர்மாலை எடுப்பது, குளிப்பாட்டுவது, கோடித்துணி போடுவது, வாய்க்கரிசி, பேரன் பேத்திகள் பிடிக்கும் நெய்ப்பந்தம், கொள்ளிக்குடம் உடைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு நேரம், ஒரு முறை இருக்கிறது. துக்கத்தில் விறைத்துப்போய் நிற்பவர்களின் கைகளுக்குச் சடங்கு வேலை கொடுக்கிறது. இதன் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சடங்கில்லாத சாவு வீடுகள் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். கூட்டம் வந்து நிற்கும், என்ன செய்வதென்று தெரியாமல் வெறுமனே நிற்கும், பிறகு கலையும். அது பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

ஆனால் இந்த முறையில் இரண்டு விஷயங்கள் அப்பாவால் தாங்க முடியாதவை. ஒன்று, யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது. தப்பட்டை அடிப்பவர், குழி வெட்டுபவர், சிதையருகே விடியும்வரை காவல் இருப்பவர், துணி எடுத்துப்போகிறவர் என்று ஒவ்வொரு வேலையும் ஒரு சாதியின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. கூலி கொடுத்தாலும் அது கூப்பிட்டால் வந்தே தீரவேண்டிய வேலையாகத்தான் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. மறுத்தால் என்ன நடக்கும் என்பதை அப்பா நேரில் பார்த்தவர். பறையைக் கலையாக எடுத்து ஆடும் குழுக்கள் இன்று நிறைய வந்துவிட்டன. அவர்களை மரியாதையோடு அழைத்து, தோழருக்கு வீரவணக்கமாக வாசிக்கச் சொல்லலாமே என்று ஓர் இளந்தோழர் கேட்டார். அது வேறு விஷயம், நல்ல யோசனையும்கூட. நடு இரவில் யாரையும் எழுப்ப வேண்டாம் என்று நான்தான் வேண்டாமென்றேன். இப்போது நினைத்தால் கூப்பிட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது விஷயம் அம்மா. மூன்றாம் நாளோ பதினாறாம் நாளோ உட்காரவைத்து, பூவை எடுத்து, பொட்டை அழித்து, தாலியைக் கழற்றுவார்கள். எத்தனையோ தொழிலாளிகள் வீட்டில், "அந்தப் பொம்பள ஏற்கெனவே நொந்துபோயிருக்குது, அதைப் போய் ஏன் எல்லாரும் சேர்ந்து வதைக்கறீங்க?" என்று எழுந்து நின்று கேட்டவர் அப்பா. அவர் வீட்டிலேயே அது நடந்தால் அதைவிட அவருக்கு வேறென்ன அவமரியாதை?

மின்மயானம்

அண்ணன் சொன்னது நடைமுறைக்கு உகந்தது. மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் என்.சங்கரய்யா 2023 நவம்பரில், நூறு வயதைத் தாண்டி மறைந்தபோது சென்னை பெசன்ட் நகர் மின்மயானத்தில்தான் அரசு மரியாதையோடு தகனம் நடந்தது. தமிழ்நாட்டுத் தோழர்கள் பலருக்கு இதுவே பழகிய வழி. கோவையில் ஆத்துப்பாலம், சொக்கம்புதூர் என்று பல இடங்கள் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் போதும், பெரும்பாலும் அன்றே சாம்பல் கைக்கு வந்துவிடும். இன்ன சாதிக்கு இன்ன இடம் என்ற பேச்சுக்கே அங்கு வழியில்லை. எல்லோரும் ஒரே மேடையில் போகிறார்கள். கிராமத்து மயானத்துக்குத் தனிப்பாதை கேட்டு நடந்த சண்டைகளை எண்ணிப்பார்த்தால் இது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொரு நல்லது, வெளியே உள்ள கூடத்தில் இரங்கல் கூட்டம் நடத்தலாம், பெண்களும் வரலாம். எங்கள் சுற்றத்தில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கடைசிவரை கூடவே போகவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மின்மயானத்தில் அதற்குத் தடையேதும் இருந்திருக்காது.

குறை என்று சொன்னால், அவசரம். வரிசையில் அடுத்த உடல் காத்திருக்கும். பேசுபவருக்கு ஐந்து நிமிடம்தான். பிறகு சாம்பலை என்ன செய்வது என்ற கேள்வி வரும். எங்கள் பக்கத்தில் பேரூர் படித்துறைக்குப் போய் நொய்யலில் கரைப்பது வழக்கம். அங்கே போனால் கூடவே சடங்கும் வந்துவிடும் என்பது அண்ணனுக்கும் தெரியும். மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸை நான் நினைத்துக்கொண்டேன். 1895 ஆகஸ்டில் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே உடலை எரித்து, சாம்பலை இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் கரைக்கு அப்பால் கடலில் கரைத்தார்கள். மார்க்ஸின் மகள் எலினாரும் அந்தப் படகில் இருந்தார். கல்லறை வேண்டாம், சிலை வேண்டாம் என்று நினைத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் அப்பா இதை ஒவ்வொரு வருடமும் சொல்வார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும்.

காட்டு ஓரத்தில் ஒரு கல்

இதைப் பெரியப்பா மகன் பாசத்தில்தான் சொன்னார். அடக்கம் செய்வது நம் மண்ணுக்கு அந்நியமில்லை. பெரியாரை 1973-ல் சென்னை பெரியார் திடலில் அடக்கம்தான் செய்தார்கள். அண்ணாவை மெரினாவில். மதச்சடங்கு இல்லாமலும் மண்ணுக்குள் போக முடியும்.

கேரளத்துத் தோழர்களிடம் இந்த நினைவுக்கல் வேறொரு உயரத்தில் இருக்கிறது, அங்கே பெரும்பாலும் எரித்த இடத்திலேயே நினைவிடம் எழுப்புகிறார்கள். ஆலப்புழையில் வலிய சுடுகாடு என்று ஓர் இடம். 1946-ல் புன்னப்புரா, வயலார் எழுச்சியில் உயிர்விட்ட தியாகிகளின் நினைவிடம் அங்கே. கேரளத்தில் கட்சியைக் கட்டிய பி.கிருஷ்ணபிள்ளையின் நினைவிடமும் அங்கே. கே.ஆர்.கௌரியம்மாவை 2021-ல் அங்கேதான் கொண்டுபோனார்கள். வி.எஸ்.அச்சுதானந்தன் 2025 ஜூலையில் மறைந்தபோது திருவனந்தபுரத்திலிருந்து ஆலப்புழைக்கு ஊர்வலம் வந்து சேர ஏறத்தாழ ஒரு முழுநாள் பிடித்தது. வழியெல்லாம் மழையிலும் ஜனம் நின்றது. கண்ணூரில் பையாம்பலம் கடற்கரையில் ஏ.கே.கோபாலன், நாயனார் நினைவிடங்கள் இருக்கின்றன. தலைவர்கள் பலரின் நினைவிடங்கள் ஒரே இடத்தில், அதுவும் பொது இடத்தில் சேர்ந்து இருக்கும்போது அது ஒரு பாடசாலை மாதிரி ஆகிவிடுகிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

எங்கள் காட்டு ஓரத்துக் கல் அப்படி ஆகாது. அது எங்கள் சொத்துக்குள் இருக்கும், எங்கள் குடும்பத்துக் கல்லாக இருக்கும். பத்து வருடத்தில் அதற்கு மஞ்சள் பூசுவார்கள், கிடா வெட்டுவார்கள். தவறென்று சொல்ல வரவில்லை, குலதெய்வங்கள் பல இப்படித்தான் வந்திருக்கின்றன. ஆனால் அப்பா கும்பிடப்படுவதை விரும்பியவர் இல்லை. சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. மயானமென்று ஒதுக்கப்படாத இடத்தில் புதைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். பலர் இது தெரியாமல் செய்துவிட்டுப் பிறகு சிக்கலில் மாட்டுகிறார்கள். ஊர் மயானத்துக்குள் போகலாமென்றால், எங்கள் ஊரில் மயானமே இரண்டு. எந்த மயானத்துக்குக் கொண்டுபோனாலும் அவரை ஒரு சாதிக்காரராகத்தான் கொண்டுபோவோம்.

அண்ணன் இந்த இடத்தில் ஒன்று சொன்னான். "அப்பாவைப் பாக்கணும்னு தோணுனா எனக்குப் போறதுக்கு ஒரு இடம் வேணும்." அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. லண்டன் ஹைகேட்டில் மார்க்ஸைப் புதைத்தபோது பத்துப் பன்னிரண்டு பேர்தான் நின்றார்கள். இன்று உலகமே அங்கு போகிறது. கல்லுக்கு ஒரு தேவை இருக்கத்தான் செய்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் எழுந்துபோய்விட்டேன். பிறகு அதற்காக வருந்தினேன்.

அப்பா கையெழுத்துப் போட்ட தாள்

மேற்கு வங்கத்தின் முன்னாள் முதல்வர் ஜோதிபாசு 2010 ஜனவரியில் மறைந்தபோது அவருடைய உடல் கொல்கத்தாவில் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டது. அந்தச் செய்தியைக் கட்சி நாளிதழான தீக்கதிரில் படித்துவிட்டு அப்பா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். அடுத்த மாதமே மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போய்ப் படிவம் வாங்கிவந்தார். 2024 ஆகஸ்டில், ஜோதிபாசுவுக்குப் பின் முதல்வரான புத்ததேவ் பட்டாச்சார்யாவின் உடல் கொல்கத்தாவின் என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அடுத்த மாதமே மார்க்சிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளர் சீதாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸுக்குப் போனது. அந்தச் செய்திகளையும் அவர் கத்தரித்து அதே தாளோடு பின் பண்ணி வைத்திருந்தார்.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன். நான் எதிர்பார்த்தது அறிவியல், பகுத்தறிவு என்று ஏதாவது. அவர் சொன்னது வேறு. மருத்துவக் கல்லூரி மேசைக்கு யாருடைய உடல் போகிறது என்று என்னைத் திருப்பிக் கேட்டார். தமிழ்நாட்டில் 1951-ல் வந்த உடற்கூறியல் சட்டப்படி, யாரும் உரிமை கோரி வராத உடல்களைப் படிப்புக்குக் கொடுக்கலாம். ரோட்டோரத்தில் செத்துக் கிடந்தவர், ஆஸ்பத்திரியில் தனியாக இறந்தவர், ஊர்விட்டு ஊர் வந்து கூலி வேலை செய்து பெயரில்லாமல் போனவர், இவர்கள் எல்லோரும் ஏழைகள். "அவங்களை யாரும் கேக்கவும் இல்லை, அவங்க சம்மதிக்கவும் இல்லை. அவங்க ஒடம்பை வெச்சுத்தான் டாக்டருக படிச்சிருக்காங்க. நமக்கு வைத்தியம் பாத்திருக்காங்க. கேட்டுக் குடுக்கற ஒடம்பு நாலு போனா, கேக்காம எடுக்கற ஒடம்பு நாலு கொறையுமல்ல?" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

நான்கு வழிகளில் அவருடைய வாழ்க்கையோடு ஒட்டி நின்றது இதுதான். ஆனால் எல்லா வழிகளிலும் கஷ்டமானதும் இதுதான். தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

உயிரோடு இருக்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது விருப்பத் தெரிவிப்புதான். இறந்த பிறகு நெருங்கிய உறவினர் சம்மதித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அது நடக்கும். வீட்டில் ஒருவர் மறித்து நின்றால் எந்தக் கல்லூரியும் வற்புறுத்தி வாங்காது. ஆகவே தாளைப் பெட்டியில் வைத்துவிட்டால் போதாது, பிள்ளைகளையும் துணையையும் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். அப்பா இதில் தவறிவிட்டார். என்னிடம் சொன்னார், தோழர்களிடம் சொன்னார், அம்மாவிடம் சரியாகச் சொல்லவே இல்லை. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தவர், சொந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கத் தயங்கியிருக்கிறார்.

எல்லா உடலையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால், விபத்து, தற்கொலை என்று போலீஸ் வழக்கு இருந்தால், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், காசநோய் போன்ற தொற்று இருந்தால் மறுத்துவிடுவார்கள். நேரம் கடந்து உடல் கெட ஆரம்பித்தாலும் அப்படித்தான். அதனால் உடல்தானம் என்று முடிவு செய்த வீட்டிலும் இரண்டாவது வழி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் அண்ணன் சொன்ன மின்மயானத்தை அப்படி வைத்துக்கொண்டோம்.

சிலர் உடல்தானத்தையும் உறுப்புதானத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். மூளைச்சாவு அடைந்து உறுப்புகளைத் தானம் செய்பவர்களுக்கு அரசு மரியாதை என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது உறுப்புதானத்துக்குத்தான். வீட்டில் வயதாகி இறக்கிறவரிடமிருந்து எடுக்கக்கூடியது கண்களின் கருவிழி. அதற்கு ஆறு மணி நேரத்துக்குள் கண்வங்கிக்குச் சொல்லவேண்டும். கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், எண்பது வயதைத் தாண்டியவர் யாராக இருந்தாலும் கொடுக்கலாம். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதையெல்லாம் செய்தது, கட்சி பிரிந்தபோது எதிர்ப்பக்கம் போன அந்த டீக்கடைத் தோழர். வந்தவுடன் முதல் வேலையாக விசிறியை அணைத்தார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நள்ளிரவுக்கு மேல் கண்வங்கியிலிருந்து வந்தார்கள், இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

அம்மாவிடம் பேசவேண்டியது என் பொறுப்பானது. "அறுப்பாங்களாமே கண்ணு?" என்று கேட்டாள். இல்லையென்று சொல்லவில்லை. ஆமாம்மா, பசங்க படிப்பாங்க, மாசக்கணக்குல வெச்சிருப்பாங்க, பெறகு அவங்களே மரியாதையோட அடக்கம் பண்ணிருவாங்க, நமக்குச் சாம்பல் வராது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பல கல்லூரிகளில் முதல் வகுப்பன்று அந்த உடலின் முன்னால் மாணவர்கள் நின்று உறுதிமொழி எடுப்பார்கள் என்றும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரு சொன்னது அவரோட. எனக்குத் தலைமாட்டுல ஒரு வெளக்கு ஏத்தி வெக்கோணும். அதுக்கு உங்க கட்சி ஒத்துக்குமா?" என்றாள்.

திண்ணையில் போய்க் கேட்டேன். மூத்த தோழர் எழுந்து உள்ளே வந்தார். "ஏத்துங்கம்மா. தோழர் இருந்தா அவரே திரி போட்டுக் குடுப்பார்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த இரவின் மிகக் கடினமான கேள்வி அந்த ஒரு நிமிடத்தில் முடிந்தது. கொள்கைப்படியான சாவு என்பதற்காக அறுபது வருடம் அவரோடு வாழ்ந்தவளின் கையைக் கட்டிப்போட வேண்டும் என்று யாரும் நினைக்கக்கூடாது. மாநாட்டுக்குப் போனவர்களுக்குச் சோறு கட்டிக்கொடுத்தவள், வேலைநிறுத்தக் காலத்தில் தாலியை அடகு வைத்தவள் அவள். விளக்கு அம்மாவுக்காக. அதில் அப்பாவின் கொள்கை எதுவும் குறைந்துபோகவில்லை.

மறுநாள்

சடங்கு கைகளுக்கு வேலை கொடுக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அதை மனதில் வைத்துச் சில காரியங்கள் செய்தோம். குளிப்பாட்டியது நானும் அண்ணனும். வாய்க்கரிசிக்குப் பதிலாக, வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஓர் இழை நூலை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி வீட்டிலிருந்து நூல் கண்டு கொண்டுவந்ததில் தொடங்கியது இது, யாரும் திட்டமிடவில்லை. பதினொரு மணிக்குள் நெஞ்சு முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதன் மேல் செங்கொடி போர்த்தினார்கள். பிரிந்த இரண்டு சங்கங்களின் கொடியும் அருகருகே நின்றன. தோழர்கள் முழக்கமிட்டுச் செவ்வணக்கம் செலுத்தினார்கள். நாங்கள் தெருமுனையில் திரும்பவில்லை. அம்மா, நான், அத்தை உள்பட எல்லாப் பெண்களும் வண்டியோடு அவினாசி சாலையில் மருத்துவக் கல்லூரி வரைக்கும் போனோம்.

வழியில் அவருடைய பழைய மில் வாசலில் ஐந்து நிமிடம் நின்றோம். வாயிற்கூட்டத்தில் அவர் நின்று பேசும் இடம் எனக்குத் தெரியும். அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி அந்த இடத்தில் போய் நின்றான்.

எதைக் கொண்டு நினைவில் வைப்பது

இதில் எங்களுக்குள் அதிகச் சண்டை இல்லை. கருமாதி விருந்தை விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு வைத்தோம். சிலை, மணிமண்டபம் என்று ஒரு உறவினர் ஆரம்பித்தார். 1924-ல் லெனின் இறந்த சில நாட்களில் அவர் மனைவி குரூப்ஸ்கயா நாட்டு மக்களுக்கு எழுதியதை அங்கே வாசித்தேன். அவர் பெயரில் நினைவுச்சின்னமும் மாளிகையும் எழுப்பாதீர்கள், குழந்தைகள் காப்பகமும் பள்ளியும் நூலகமும் மருத்துவமனையும் கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டவர் அந்த மனைவி. அந்தப் பேச்சு கேட்கப்படவில்லை, உடலைப் பதப்படுத்தி வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் கேட்டார்கள்.

அறக்கட்டளை, ஆண்டுதோறும் விருது என்ற யோசனையும் வந்தது. அதை நடத்த ஆள் வேண்டும், பணம் வேண்டும். மூன்றாம் வருடம் நின்றுபோன அறக்கட்டளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைவிட மேலானதாக எனக்குப் பட்டது அவருடைய காகிதங்கள். துண்டறிக்கைகள், வேலைநிறுத்த நோட்டீஸ்கள், சங்கக் கூட்டக் குறிப்பேடுகள் என்று இரண்டு தகரப்பெட்டி நிறைய. கோவைப் பஞ்சாலைகள் பல மூடிக் கிடக்கின்றன, தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் 2020 ஊரடங்கோடு நின்றன. கட்டடங்களை இடித்துவிட்டால் அங்கே யார் வேலை செய்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதற்கு இந்தக் காகிதம் மட்டும்தான் மிஞ்சும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. தோழர்கள் வீட்டில் இப்படிப் பெட்டிகள் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொன்றாகத் தேதி எழுதிப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

காக்கிப் பையைப் பெட்டியோடு வைக்கவில்லை. அது அவர் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது.

அப்பா போய் நாற்பது நாள் இருக்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு மில்காரர் இறந்துவிட்டார். அவருடைய மனைவி பென்ஷன் விஷயமாக விசாரிக்க வந்தார், வழக்கமாக வருகிற மாதிரி, வாசலில் நின்று "அண்ணன் இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டு, உடனே நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் அன்று விடுமுறையில் வீட்டில் இருந்தான். சங்கத்துப் பக்கமே போகாதவன். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிவம் 10-டி எது என்று தேடினான். கிடைத்ததும் அந்த அம்மாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, "பி.எஃப். நம்பர் இருக்குதுங்களாக்கா?" என்றான்.